லால்பேட்டை – துபாய்: உண்மைத் தூரம் குறித்து ஓர் ஆய்வு

சென்னைக்கும் துபாய்க்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,935 கிலோமீட்டர். உருண்டைப் பூமியின் மேல் இரு விமான நிலையங்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் அளவு இது. பறக்கும் நேரம் நான்கு மணி, கொஞ்சம் முன்பின்னாக. இந்தக் கணக்கில் நம் ஊரான லால்பேட்டைக்கு உடன்பாடில்லை. நூலின் முனை மீனம்பாக்கத்தில் இருக்கிறது. பயணியின் வீடு வீராணம் ஏரிப் பக்கம் இருக்கிறது.

முதற்சிக்கல், பயணம் எப்போது தொடங்குகிறது என்பது. விமானத் துறை, சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும் வரை கணக்கிடும். நம் ஊரில் சபுராளி, அதாவது வெளிநாடு போகிறவர், வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லத் தொடங்கினாலே கட்டை எடுத்தாயிற்று என்று பொருள். அதன்பின் நடப்பது எடைப் பரிசோதனை. பெட்டியைத் தூக்குத் தராசில் மாட்டி, இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்க, மூன்றாமவர் குனிந்து எண்ணைப் படிப்பார். ஊறுகாய் பாட்டிலை எடுத்தால் முப்பது, வைத்தால் முப்பத்தொன்று. "கெடக்கட்டும் தம்பி, ஒரு கிலோவுக்கு என்ன சொல்லிடப் போறாங்க" என்று உம்மா தீர்ப்பளிப்பார். பாட்டில் உள்ளே போகும். மேலே கயிறு ஏறும்.

அடுத்து, தரைவழி. லால்பேட்டையிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர்; டீக்கடை நிறுத்தம் உட்பட ஆறு மணி நேரம். ஆகாயத்தில் மணிக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர் தரையில் நாற்பதில் போகிறார். நம் வீராணத்துத் தண்ணீரும் 2004 முதல் குழாய்வழியே இதே சென்னைக்குத்தான் போகிறது. அது பெருங்களத்தூர் நெரிசலில் நிற்பதில்லை.

கடிகாரத்தின் பங்கையும் ஆராய வேண்டும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் அங்கே ஆறரைக்கு இறங்கலாம். பார்க்க இரண்டரை மணிப் பயணம். திரும்பும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், குறிப்பாகக் குளிர்காலத்தில், விமானம் சீக்கிரமே வந்துவிடும். ஆனாலும் கடிகாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் காட்டும். சம்பாதிக்கப் போகிறவனுக்குக் கொடுத்த ஒன்றரை மணியை ஊருக்கு வருகிறவனிடம் பிடுங்கிக்கொள்கிறார்கள். இதில் நியாயம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

இனிக் கூட்டல். சாலையில் ஆறு, விமான நிலையத்தில் காத்திருப்பு மூன்று, வானில் நான்கு, இறங்கிய பின் குடியேற்ற வரிசையும் பெட்டியும் சேர்த்து ஒன்று: பதினான்கு. இதில் பறப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே துபாய் சென்னைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. லால்பேட்டைதான் சென்னைக்கு வெகுதூரம் என்பது நிறுவப்படுகிறது.

திருச்சி விமான நிலையமோ சாலையில் ஏறக்குறைய பாதித் தூரம்தான். அங்கிருந்தும் வளைகுடாவுக்கு நேரடி விமானம் உண்டு. எனவே டிக்கெட் போடுமுன் திருச்சிக் கட்டணத்தையும் ஒருமுறை பாருங்கள். ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகத் தெரிந்தாலும், சென்னைக்குக் கொடுக்கும் கார் வாடகையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.