சிங்கவால் குரங்குக்கு வரன் பார்த்தல்

அந்தக் காலத்தில் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களைப் புரட்டிவிட்டு அப்படியே பின்பக்கம் நடந்தால் உயிர்க் காலேஜ், அதாவது மிருகக்காட்சிசாலை; எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் செத்த காலேஜ். இரண்டையும் பார்க்காமல் எந்த வெளியூர்ச் சொந்தமும் ஊருக்கு ரயிலேறியதில்லை, உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். கை நீட்டினால் எட்டிவிடும்போல் கம்பிக்குப் பின்னால் புலி. அதன் வாடை நம் சட்டையோடு வீடுவரை வரும். அசையாத முதலைக்கு உயிர் இருக்கிறதா என்று காசெறிந்து பார்ப்போம். பொட்டலக் கடலையில் பாதியைக் குரங்குக்குக் கொடுத்துவிட்டு, வள்ளலாருக்கு அடுத்தபடி நான்தான் என்ற மிதப்பில் நடந்த அரை டிராயர்ப் பையனை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

1985-இல் அத்தனையும் வண்டலூர்க் காட்டுக்குக் குடிபோயிற்று. கம்பி போய் அகழி வந்தது. மிருகத்துக்கு நல்லதுதான், "அதோ, அந்தப் புதருக்குள்ளே பாரு" என்று இல்லாத புலியைப் பேரனுக்குக் காட்டும் தாத்தாக்களுக்குத்தான் கழுத்துவலி. கடலை போட்டால் அபராதம்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு, சோலைகள் தேயிலையும் காபியுமாகத் துண்டுபட்டதில் அருகிப்போக, அதைப் பெருக்கும் பொறுப்பு வண்டலூருக்கு வந்தது. அப்பன் யார், ஆத்தாள் யார், பாட்டி எந்த ஊர்க் கூண்டில் பிறந்தவள் என்று குரங்குகளுக்கு வம்சாவளிப் பதிவேடு உண்டு. நெருங்கிய ரத்தத்தில் சேர்த்தால் வம்சம் நலிந்துவிடும் என்று, தேவைப்பட்டால் வெளியூர் மிருகக்காட்சிசாலையிலிருந்து ஜோடி தருவிக்கிறார்கள். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால்தான் சொந்தம் விட்டுப்போகாது என்று தலைமுறை தலைமுறையாகச் சாதித்த எங்கள் குடும்பக் கல்யாணங்களில் பாதி அந்தப் பதிவேட்டில் தேறியிருக்காது.

ஆனால் கூட்டம் என்னவோ வெள்ளைப் புலி முன்னால்தான் நிற்கிறது. 1951-இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைக் குட்டிக்குப் பின்னாளில் அதன் மகளையே ஜோடியாக்கித் தொடங்கிவைத்த விளையாட்டு. காட்டுக்கு அதனால் காலணா பிரயோஜனமில்லை, செல்பிக்கு உண்டு.

கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையின் கதை இன்னும் விசேஷம். சதுப்புநில முதலை அழிந்துவிடும் என்று பதறி 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. அடைகாக்கும் சூடு ஓரிரு டிகிரி மாறினாலே குஞ்சு ஆணா பெண்ணா என்பது மாறிவிடும் என்கிற அளவுக்கு முட்டையின் ரகசியமெல்லாம் அங்கே படித்தார்கள். முதலைகளும் ஏமாற்றவில்லை, ஆயிரக்கணக்கில் பெருகின. கொண்டுபோய் விடத்தான் ஆறும் ஏரியும் மிச்சமில்லை, இருக்கிற ஏரியில் துணி துவைக்கிறவர்கள் சும்மா விடுவார்களா? ஆகவே அங்கே இப்போது சதுப்புநில முதலை முட்டை பொரித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஓர் உத்தியோகம்.