பந்தலில் இன்னும் கிறிஸ்துமஸா?

கே: தோட்டத்துக் கொடிப்பந்தலில் சுற்றிய கிறிஸ்துமஸ் சீரியல் விளக்கைக் கழற்றாமல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?
– வாசகி, லண்டன்

ப: ஜனவரி 5, 6-க்குள் கழற்றாவிட்டால் ஆகாது என்பார். அவருடைய முன்னோர் பிப்ரவரி 2, கேண்டில்மாஸ் திருநாள் வரை அலங்காரத்தை வைத்திருந்தவர்கள்தாம். கேட்டால் அந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். நாலரைக்கே இருட்டிவிடுகிற ஊரில் விளக்கை அணைப்பதுதான் பாவம்! கலைமான், நட்சத்திரம், சிவப்பு-பச்சை பல்பெல்லாம் பெட்டிக்குள் போகட்டும். இளமஞ்சள் எல்இடி சரம் மட்டும் மரத்தூணைச் சுற்றி எரியட்டும். ‘ஐபி44’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், மழைத்தூறலைத் தாங்கும். மினுக்க விடாதீர்கள், கல்யாண மண்டபம் என்று நினைத்து யாராவது மொய்க் கவரோடு வந்து நிற்பார்கள். சோலார் சரமா? லண்டன் ஜனவரியில் சூரியனே பாதி நாள் லீவு!