ஆட்டு, கேள், ஓட்டை போடு

வைத்தியத்தின் தந்தை ஹிப்பாக்ரடீஸ் கிரேக்கத்தில் பிறந்தது நம் அதிர்ஷ்டம். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் பக்கம் கிளினிக் போட்டிருந்தால் முதல் வாரமே ஊர் கூடியிருக்கும், போலீசும் வந்திருக்கும்.

நெஞ்சுக்கூட்டுக்குள் சீழ் கட்டியவனை அவர் வழி வந்தவர்கள் சோதித்த விதம் அப்படி. பதினைந்தாம் நாள் வெந்நீரில் குளிப்பாட்டு. ஆடாத நாற்காலியில் உட்கார வை. ஒருவன் கைகளைப் பிடித்துக்கொள்ள, வைத்தியர் தோளைப் பிடித்து உலுக்குவார். எந்தப் பக்கம் 'களக் களக்' என்கிறதோ அந்தப் பக்கம் கத்தி. நாம் தேங்காயைக் காதோரம் ஆட்டி வாங்குகிற அதே ஞானம்தான். தேங்காய் இருமாது, அவ்வளவே.

சத்தம் பிடிபடவில்லையா? ஈர மண் குழம்பில் முக்கிய துணியை நெஞ்சில் சுற்று. எந்த இடம் முதலில் காய்கிறதோ, உள்ளே சூடு அங்கேதான். இதற்கெல்லாம் நம்மூர்க்காரர் அசர மாட்டார். பக்கத்துச் சங்கரன்கோவிலில் புற்றுமண்ணை நோய்க்குப் பூசிக்கொள்வது காலங்காலமாக நடப்பது. நம் மண் நோயைத் தீர்க்க. கிரேக்க மண் ஸ்கேன் எடுக்க.

பிறகு விலா இடுக்கில் கீறல், அதில் துணித் திரி, தினம் ஒருமுறை கொஞ்சம் சீழ். பத்தாம் நாளுக்குமேல் வெதுவெதுப்பான ஒயினும் எண்ணெயும் குழாய் வழியே உள்ளே போகும். ஒயினை வாய்க்குக் காட்டாமல் விலாவில் ஊற்றிய கஞ்சத்தனம் வேறெங்கும் கிடையாது. வெள்ளைச் சீழ் வந்தால் பிழைப்பான், சேறாக நாறினால் போய்விடுவான் என்று ஜோசியமும் உண்டு.

எம்பைமா எனப்படும் இந்தச் சீழ் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நிமோனியாவிலிருந்து. நம் நாட்டில் டிபியும் பெரிய பங்காளி. கத்திக்குத்து, உணவுக்குழாய்க் கிழிசல், கல்லீரலில் அமீபாக் கட்டி உடைந்து மேலே பாய்வது என்று வேறு வழிகளும் உண்டு.

பாரிஸின் பெரிய சர்ஜன் டுப்புய்ட்ரன் ஊரையே அறுத்தவர். தனக்கே எம்பைமா வந்ததும், சர்ஜன் கையால் சாவதைவிடக் கடவுள் கையால் சாவது மேல் என்று சொன்னதாகப் பேச்சு. 1835-இல் அப்படியே ஆயிற்று. சமையல்காரர் தன் சமையலைத் தொடவில்லை என்றால் சாப்பிட வந்தவன் யோசிக்க வேண்டாமா?

சர்ஜன்கள் பயந்ததற்குக் காரணம் காற்று. நெஞ்சுக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஓட்டை போட்டால் சீழ் வெளியே வரும், காற்று உள்ளே போகும், நுரையீரல் சுருங்கும். ஜெர்மனியின் ப்யூலாவ் 1875-இல் குழாயின் மறுமுனையைப் பாட்டில் நீருக்குள் முக்கினார். சீழ் இறங்கும், காற்று ஏறாது. அத்தனை மூளைகளும் முட்டிய சுவருக்குக் கதவு ஒரு பாட்டில் தண்ணீர்!

அமெரிக்க ராணுவம் அதை மறந்துவிட்டது. 1918 ஃப்ளூவில் முகாம் முகாமாகச் சிப்பாய்களுக்குச் சீழ் கட்ட, கத்திகள் உடனே ஓட்டை போட்டன. சுமார் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். இதை ஆராய்ந்த, சர்ஜன் எவார்ட்ஸ் கிரஹாம் இருந்த ராணுவக் குழு சொன்னது: சீழ் நீர்த்திருக்கும்போது நெஞ்சைத் திறக்காதே, காற்றை விடாதே. அதைக் கேட்ட இடத்தில் சாவு 5 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

நாள்பட்ட சீழ் கதை வேறு. நுரையீரல்மேல் கெட்டியாகப் பட்டை கட்டி, அதை விரிய விடாது. பின்லாந்தின் எஸ்ட்லாண்டர் 1879-இல் விலா எலும்புகளை எடுத்து நெஞ்சுச் சுவரையே உள்ளே சரித்தார். வீட்டுக்குள் பள்ளம் என்றால் கூரையை இறக்கு என்ற கணக்கு. 1890-களில் நியூயார்க்கின் ஃபௌலரும் பாரிஸின் டெலோர்மும் பட்டையை உரித்து நுரையீரலை விடுவித்தார்கள். வேலூர் சிஎம்சியில் ரீவ் பெட்ஸ் 1949-இல் நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்க, இந்த வித்தை நம் பக்கமும் வந்தது. இன்று சின்னத் துளை, கேமரா.

டாக்டர்களின் அவசரம் ஒருவழியாக அடங்கிவிட்டது. நம் நிதானம்தான் பாக்கி. நிமோனியாவுக்குப் பிறகும் காய்ச்சல் விடாமல், ஒரு பக்க நெஞ்சுவலியோடு, மெடிக்கல் ஷாப் மாத்திரையில் மாதம் ஓட்டுகிறோம். டியூபோடு முடிய வேண்டிய சமாசாரம் உரிப்பு வரைக்கும் போகிறது.