துறவியின் பட்டியலும் தங்கவயலும்

1644-இல் பாரிஸில் மெர்சென் என்றொரு துறவி. ஜபம் போக மிச்ச நேரத்தில் கணக்கு. 2-ஐ 2-ஆலேயே பெருக்கிக்கொண்டே போய், முடிவில் ஒன்றைக் கழித்தால் எத்தனையாவது அடுக்கில் பகா எண் தட்டுப்படும் என்று 257 வரை பட்டியல் போட்டார். மொத்தம் பதினொன்று. சரிபார்த்தாரா என்றால், பதினைந்து இருபது இலக்க எண்ணைச் சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று அவரே எழுதிவைத்துவிட்டார். அந்தத் தைரியம்தான்! 67, 257 இரண்டையும் தப்பாகச் சேர்த்தார்; 61, 89, 107 மூன்றையும் கோட்டைவிட்டார். ஐந்து தப்புக்கு நம்மூர் கணக்கு வாத்தியார் பிரம்பைத்தான் எடுப்பார். உலகமோ அந்த ரக எண்களுக்கெல்லாம் அவர் பெயரையே வைத்துவிட்டது.

1876-இல் பிரான்சின் லூக்கா, 67-ஆவது அடுக்கில் வருவது பகா எண் இல்லை என்று நிரூபித்தார். வகுத்துப் பார்க்காமலே சொல்லும் உபாயம் அவருடையது. ஆனால் எதை எதால் பெருக்கினால் அந்த எண் வரும்? அதைக் கேட்டால் உபாயத்துக்கு வாயில்லை.

இதற்கிடையே இங்கே கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி குழி தோண்டிக்கொண்டிருந்தது. தோண்டியவர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம்மாட்கள், லாபம் எண்ணியவர்கள் லண்டனில். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, காவேரி மின்சாரத்தில் சுரங்க இயந்திரங்களை ஓட்டினார்கள். அடுத்த வருஷம், 1903 அக்டோபர் 31, நியூயார்க்கில் கோல் என்ற பேராசிரியர் மின்சாரமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்று வெறும் சாக்பீஸோடு கரும்பலகைக்குப் போனாராம். 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்து எழுதினார்: 147573952589676412927. பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டினார். அதே எண். வந்து உட்கார்ந்தார். கைத்தட்டல். மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்ததாம். வீட்டில் என்ன பாட்டு விழுந்திருக்கும் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை.

பகா எண்களும் தங்கத் தாது மாதிரிதான், ஆழம் போகப் போக மெலியும். நூறுக்குள் 25 கிடைக்கும். நூறு இலக்க எண்கள் பக்கம் போனால் சுமார் 230-க்கு ஒன்று. ஆனால் இந்தச் சுரங்கம் வற்றவே வற்றாது என்று யூக்ளிட் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே உத்தரவாதம் எழுதிக் கொடுத்துவிட்டார். தங்கவயலுக்கு அப்படி யாரும் எழுதித் தரவில்லை. அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய், சூட்டில் வெந்து, பாறை வெடிப்பில் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 'கட்டுப்படி ஆகவில்லை' என்று 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். அதே வருஷம் நவம்பரில் கனடாவில் ஒருவருடைய கம்ப்யூட்டர் 40 லட்சம் இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்தது. அதற்கு மட்டும் கட்டுப்படி ஆவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

2024 அக்டோபரில் அகப்பட்டது 2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு: 4,10,24,320 இலக்கம். அந்த ஆழத்தில் சுமார் 9.4 கோடி எண்ணுக்கு ஒன்றுதான் பகா எண். பத்துக் கோடி இலக்கத்தைத் தொடுபவருக்கு ஒன்றரை லட்சம் டாலர் பரிசு அமெரிக்காவில் காத்திருக்கிறது. விடிகாலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரு கம்பெனிகளுக்கு ஓடும் தங்கவயல்காரர்கள், ஆபீஸ் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் முயன்று பார்க்கலாம். மேனேஜர் கேட்டால், பரம்பரைத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம்.