கப்பல் திணை: மேற்குச் சென்னைப் புறநகரார் கடற்செலவு பற்றிய இலக்கண ஆராய்ச்சி

சொகுசுக் கப்பல் சுற்றுலா என்பது வேறொரு ஊர் போய்ச் சேர்வதற்காக அன்றி, ஏறிய துறைமுகத்திலேயே திரும்ப இறங்குவதற்காக மேற்கொள்ளப்படும் கடற்பயணம். சென்னையில் இதற்கு நன்கறியப்பட்ட சான்று கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. 1990இல் பிரான்சில் கட்டிய, 11 தளங்கள் கொண்ட, சுமார் 1,800 பேர் ஏறக்கூடிய இக்கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். முற்காலத்தில் ‘ரஜூலா’விலும் ‘எம்.வி. சிதம்பர’த்திலும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்களில் பலர் பிழைப்புத் தேடிப் போனவர்கள். அது பொருள்வயிற் பிரிவு, பாலையில் அடங்கும். இப்போது போகிறவர்கள் பொருளைப் பிரிவதற்கென்றே போகிறார்கள். தொல்காப்பியர் வகுத்த ஏழு திணைகளில் இவர்களுக்கு இடமில்லை. ஆகவே புதிய திணை ஒன்று தேவைப்படுகிறது.

மாந்தர்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருப்பது திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி வளைத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் தலம். எனவே இவ்விரண்டு ஊராரும் முல்லை நிலத்தார். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுமையாகக் காத்திருத்தல். தொழிற்பேட்டைச் சிக்னலில் நெடுநாள் பழகிய இந்த ஒழுக்கம், துறைமுக முனையத்தில் பெட்டிச் சோதனை, அடையாளச் சோதனை, அறைச்சாவி என்று மூன்று வரிசைகளையும் முணுமுணுப்பின்றிக் கடக்க உதவுகிறது. பூந்தமல்லிக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி உள்ளதால் அவ்வூர் மருதம். மருதத்துக்கு உரியது ஊடல். ஜன்னல் இல்லாத உள்ளறை போதும் என்று கணவரும் பால்கனி அறைதான் வேண்டும் என்று மனைவியும் முன்பதிவு நாளிலேயே இதைத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். இத்திணைக்கு நிலம் இல்லை. நெய்தலில் சேர்க்கலாம் என்றால், கடல்மேல் இருந்துகொண்டே கடலைச் சாராதிருக்கக் கப்பலில் எல்லா ஏற்பாடும் செய்திருக்கிறார்கள்: குளிர்சாதனம், திரையரங்கு, உப்புக்கடல் நடுவே ஒரு நீச்சல்குளம். நாட்டின் ஆட்சிக்கடல் 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர். சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ அதுவே. எனவே நாட்டின் எல்லையைத் தாண்டுவது ஆவடிக்காரருக்குத் தினசரி வேலை. ஒரே வேறுபாடு, கடலில் போனால் செல்போன் டவர் கிடைக்காது.

பெரும்பொழுது முதுவேனில், அதாவது ஆனியும் ஆடியும். தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பைப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும்போது கப்பல் கிழக்குக் கரைக்கு ஒதுங்குகிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மொய்ப்பணம் மிச்சம். பள்ளி திறந்திருக்கும் என்பது ஒன்றே குறை. அதனால் இப்பருவத்தில் பிள்ளைகளுக்கு மூன்று நாள் காய்ச்சல் வருவதும், அது விடுப்புக் கடிதத்தில் மட்டும் அடிப்பதும் இயற்கை.

சிறுபொழுது ஆறு: காலைச் சிற்றுண்டி, பகலுணவு, மாலைத் தேநீர், இரவுணவு, நள்ளிரவுத் தீனி, இவற்றுக்கிடையே லிப்டுக்காக நிற்கும் பொழுது.

கருப்பொருள்

தெய்வம்: கேப்டன். எங்கும் நிறைந்த குரலாகக் கூரையிலிருந்து பேசுவார். காட்சி தருவது அரிது.

உணவு: பஃபே. இட்லிக்குப் பக்கத்தில் பாஸ்தா, அதற்குப் பக்கத்தில் ஜிலேபி. இவை போதாதென்று பெட்டிக்குள் பருப்புப்பொடியும் ஊறுகாயும்.

விலங்கும் பறவையும்: யானை, அன்னம். இரண்டையும் அறையைச் சுத்தம் செய்பவர் துண்டை மடித்துச் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். குளித்துவிட்டுத் துவட்ட வழியில்லாமல் போனாலும் இவற்றைக் கலைக்கும் துணிவு எவருக்கும் வருவதில்லை.

பறை: அபாயச் சங்கு. குறில் ஏழும் நெடில் ஒன்றும் கொண்டது இதன் யாப்பு. 1912இல் டைட்டானிக் மூழ்கியதை அடுத்து 1914இல் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை பிறந்தது. 2012இல் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கன்கார்டியா சாய்ந்த பின்னர், கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ பயணிகளைக் கூட்டிப் பயிற்சி தந்தாக வேண்டும் என்று விதி இறுகியது. உயிர்காப்பு அங்கி அணிவது எப்படி என்று அப்போது செய்து காட்டப்படுகிறது. அவையோர் அதை வீடியோ எடுக்கிறார்கள்.

உரிப்பொருள்

இத்திணையின் உரிப்பொருள் ஈடெடுத்தல். உணவுக்கும் சேர்த்துக் கட்டணம் முன்பே கட்டியாயிற்று; எனவே உண்ணும் ஒவ்வொரு கவளமும் திரும்பப் பெறும் பணம். “காசு கட்டியாச்சு, இன்னொண்ணு வைப்பா” என்பது இவ்வொழுக்கத்தின் கூற்று. கூற்றுக்குரியோர் பெரும்பாலும் பாட்டிமார். சர்க்கரை நோய் விலக்கன்று.

புறம்

கப்பல் வாழ்வு அகம் என்றால் கரைச் சுற்றுலா புறம். இதற்குத் தனிக்கட்டணம் உண்டு. கரைக்குப் போனால் அந்தச் செலவு ஒருபக்கம். ஏற்கெனவே கட்டிய பகலுணவு இழப்பு மறுபக்கம். ஆகவே புறம் என்பது இரட்டை நட்டம். ஆயினும் விசாகப்பட்டினத்தில் இறங்காமல் திரும்பினால் அம்பத்தூரில் பதில் சொல்ல முடியாது என்பதால் போர் தொடங்குகிறது.

விடியலில் பஃபேயிலிருந்து வாழைப்பழங்களைக் கைப்பைக்குள் கவர்ந்து வருவது வெட்சி. சட்டையில் எண் ஒட்டிக்கொண்டு, வழிகாட்டியின் கொடிக்குப் பின்னே பேருந்துக்கு அணிவகுப்பது வஞ்சி. கைலாசகிரிக் கடைக்காரரைச் சூழ்ந்து நின்று விலையைப் பாதியாக்குவது உழிஞை. திரும்பும்போது ஜன்னல் இருக்கைக்கு நேருக்கு நேர் மோதுவது தும்பை. குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகத்தின் முன் எடுத்த படத்தை, டவர் கிடைத்த நொடியில் ஸ்டேட்டஸில் ஏற்றுவது வாகை. ‘மாலை இத்தனை மணிக்குள் ஏறாதவருக்காகக் கப்பல் நிற்காது’ என்ற அறிவிப்பு நிலையாமையை உணர்த்துவதால் காஞ்சி. வழிகாட்டியை வானளாவப் புகழ்ந்துவிட்டு டிப்ஸ் கொடுக்காமல் இறங்குவது பாடாண்.

போரே நடவாத புறமும் உண்டு. 2022 ஜூனில் புதுச்சேரி அரசு அனுமதி தராததால், ஊர் எதிரே வந்து நின்ற கப்பல் பயணிகளை இறக்காமலே சென்னை திரும்பியது. நெய்தல் கோட்பாட்டில் இது இரங்கல். கப்பல் திணையின்படி இது லாபம். அன்றைய பகலுணவு முழுதாகத் தப்பியது.

திணைமயக்கம்

2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை சென்றது. வெளிநாடு போக பாஸ்போர்ட் எடுத்தவர்கள் இறங்கியதும் தமிழில் வரவேற்கப்படுவதும், கோணேசர் கோயிலில் தேவாரத் தலத்தைக் காண்பதும் மயக்கத்தின் அறிகுறிகள். நல்லூர் கந்தசுவாமி கோயிலில் இது முற்றுகிறது. ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போகலாம் என்பதால், கப்பலுக்கென்று தி.நகரில் வாங்கிய பூப்போட்ட சட்டைகள் வாசலிலேயே கழற்றப்படுகின்றன. உள்ளே அர்ச்சனைச் சீட்டு இலங்கைப் பணத்தில் 1 ரூபாய். ஈடெடுத்தல் என்னும் உரிப்பொருள் கரையில் நிறைவேறும் ஒரே இடம் இது.

எஞ்சியவை

கடலைப் பார்ப்பதற்காகவே வந்து, மேல்தளத்தில் தனியே உட்கார்ந்திருப்பவர் கைக்கிளைக்கு உரியவர், ஒருதலைக் காமம். எந்தக் கரையையும் தொடாமல் நடுக்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு நாள் பயணத்துக்கு, மாதத் தவணையில், இரண்டாம் முறை சீட்டு எடுப்பவர் பெருந்திணையில் அடங்குவார். இவர் விஷயத்தில் ஈடெடுத்தல் விதி செல்லாது. வட்டி இட்லியை முந்திவிடும்.