புறம்போக்கு

வருவாய்த்துறைக் கணக்கில் கடற்கரைக்குப் பெயர் புறம்போக்கு. அதில் குடிசை போட்டு வாழ்கிறவனுக்கும், நமக்குக் கோபம் வந்தால், அதே பெயர்தான். அந்தப் புறம்போக்கை முட்டிக்கொண்டு ஐந்து மாடி எழுப்பி, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டால் மட்டும் பெயர் மாறிவிடும்: 'சீ வியூ'. கட்டில் அதே கட்டில், குளியலறை அதே குளியலறை. சுவரைப் பார்த்த அறைக்கு ஒரு விலை, கடலைப் பார்த்த அறைக்கு ஒரு விலை. இடையில் இருக்கும் அந்த வித்தியாசத் தொகைக்குக் கடல் எந்த ரசீதும் தந்ததாகத் தெரியவில்லை.

போன சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போயிருந்தேன். மேற்கே சூரியன் இறங்க இறங்கக் கிழக்கே நிலா ஏறும் நாள். ஊரே கரையில் நிற்கும். கூட்டத்துக்குப் பயந்து, பழைய பழக்கத்தில், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு சந்து வழியாகக் கடலுக்கு இறங்கப் பார்த்தேன். கூட வந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டா. அந்தக் கடப்புறத்திலேயே பிறந்து, அந்த மணலிலேயே பல் விழுந்தவர். சந்து பாதி வரைக்கும் இருந்தது. பிறகு சுவர் இருந்தது. சுவரில் ஒரு கதவு, கதவில் ஒரு காவலாளி.

"ரூம் நம்பர் சொல்லுங்க சார்."

"நிலா பாக்க வந்தோம் தம்பி."

"சரி சார். ரூம் நம்பர்?"

பணகுடிப் பக்கத்துப் பையன். மாதச் சம்பளத்துக்கு நிற்கிறவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. சுவரில் ஒரு தகரப் பலகை: 'தனியார் இடம். அந்நியர் உள்ளே வரக் கூடாது.' உப்புக்காற்று கடைசிச் சொல்லைத் தின்று துருவாக்கியிருந்தது. 'அந்நியர் உள்ளே வர' என்பது வரைக்கும்தான் படிக்க முடிந்தது. அந்த அளவுக்காவது கடலுக்குச் சட்டம் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

பாட்டாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. "மக்கா, நாங்க கரமடி இழுத்த எடம் இது பாத்துக்க" என்றார். கரமடி தெரியாதவர்களுக்கு: வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வருவார்கள். வலையின் இரண்டு நுனிக் கயிறும் கரைக்கு வரும். தூரத்தில் தூரத்தில் நிற்கும் இரண்டு கூட்டம், குதிகாலை மணலில் ஊன்றி, பாட்டுப் பாடி இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். கடைசியில் மடி கரையேறும்போது சாளையோ நெத்திலியோ வெள்ளி மாதிரித் துள்ளும். இதற்கு எஞ்சின் வேண்டாம், டீசல் வேண்டாம், மானியம் வேண்டாம். வேண்டியது ஒன்றே ஒன்று: நீளமான, தடையில்லாத மணல். "இப்பம் இழுக்கணும்னா ஒரு பக்கத்து ஆளுவ அவனுக்க நீச்சக் கொளத்துக்குள்ளதான் நிக்கணும்" என்றார் பாட்டா. கடலுக்கு இருபதடி தூரத்தில் எதற்கு ஒரு நீச்சல் குளம் என்பதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

கரை எப்படி மெலிந்தது என்பது அரசாணைகளில் அச்சாகியிருக்கும் கதை. 1981-இல் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குக் கரையைச் சும்மா விடுங்கள் என்றார். பத்து வருஷம் கழித்து, 1991 பிப்ரவரியில், அது அறிவிக்கையாக வந்தது. வரும்போதே இளைத்துப்போய் வந்தது. ஊர்ப்புறக் கரையில் கட்டடத் தடை 200 மீட்டர்தான், அதற்கு அப்பால் விடுதி கட்டலாம் என்று. பிறகு அதற்குத் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். 2011-இல் புது அறிவிக்கை. 2019 ஜனவரியில் இன்னொன்று. அதில்தான் நம் கடலியல் அறிவு உச்சத்தைத் தொட்டது. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறமா? அங்கே தடை 50 மீட்டர் போதும். ஆட்கள் குறைவா? பழைய 200 மீட்டர். அதாவது, அலை ஏறி வரும்போது கையில் மக்கள்தொகைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரும். நெருக்கமான ஊரைக் கண்டால், 'ஐயோ, இங்கே 2162 பேர் இருக்கிறார்களே' என்று 50 மீட்டரோடு திரும்பிப் போய்விடும்.

சுற்றுலாக் குடில், உடை மாற்றும் அறை, கழிப்பறை போன்ற தற்காலிக வசதிகளுக்கு இன்னும் தாராளம். அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டால் போதும். அதே அறிவிக்கைப்படி, 200 மீட்டர் தடை உள்ள ஊரில் மீனவன் புது வீடு கட்ட 100 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். கடலை நம்பிப் பிழைக்கிறவன் நூறு மீட்டர் தள்ளி. கடலைப் பார்த்தபடி குளிர்பானம் குடிக்கிறவன் பத்து மீட்டரில். நம் நாட்டில் தற்காலிகம் என்றால் என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும். தற்காலிகமாகப் போட்ட பந்தலுக்கு மின் இணைப்பு வரும், பிறகு சிமெண்டுத் தரை வரும், அதன்பிறகு பந்தலுக்குத் திறப்பு விழாக் கல்வெட்டு வரும்.

எதிரே கடலுக்குள் வள்ளுவர் நிற்கிறார். 2000 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். 133 அடி. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலுக்கு. மேலே சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்குமாக. அறத்தின்மேல் மற்ற இரண்டும் நிற்க வேண்டும் என்று கணபதி ஸ்தபதி கல்லில் கணக்குப் போட்டார். கரையிலும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இங்கே அடித்தளம் பொருள், மேல்மாடி இன்பம். அறத்துக்குப் படகுச்சீட்டு எடுத்துப் போக வேண்டும். அங்கேயும் கூடுதல் பணம் கொடுத்தால் சிறப்புச் சீட்டு உண்டு, வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

வள்ளுவருக்குப் பக்கத்தில் இப்போது கண்ணாடிப் பாலமும் இருக்கிறது. விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய். 2024 டிசம்பர் 30-இல் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். பாலத்தைக் குறை சொல்ல மாட்டேன். பாலம் வருவதற்கு முன்னால், நீர்மட்டம் தாழ்ந்தாலோ கடல் சீறினாலோ சிலைக்குப் படகு போகாது. வந்தவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அது உண்மையான சிரமம். நானும் பாலத்தில் நடந்தேன். காலுக்குக் கீழே தண்ணீர் தெரிந்தபோது கொஞ்சம் குலை நடுங்கியது, நன்றாகவும் இருந்தது. ஆனால் வகுத்துப் பார்க்கும் கெட்ட புத்தி எனக்கு உண்டு. மீட்டருக்கு 48 லட்சம். பார்க்கிறவனின் கால் நனையாமல் இருக்க மீட்டருக்கு 48 லட்சம் கிடைக்கிற மாவட்டத்தில், வீட்டு வாசலை அலை தின்கிறது, அலையைத் தடுக்க ஒரு தூண்டில் வளைவு போட்டுக் கொடுங்கள் என்று மனுக் கொடுத்த ஊர்கள் எத்தனை என்று ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் போய் நின்று கேட்டுப் பாருங்கள். மனு வாங்கிக்கொள்வார்கள். அதில் குறை சொல்ல முடியாது, மனு வாங்குவதில் நம் அரசாங்கத்துக்கு நிகரில்லை.

பார்க்கிறவனுக்குக் கடல், பிழைக்கிறவனுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். 2019 அறிவிக்கைப்படி புதுக் கரையோர வரைபடம் போட்டு, 2023-இல் கடலோர மாவட்டங்களில் கூட்டம் நடத்தினார்கள். மீனவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள். ஊர்களைக் காணோம். வலை காயப்போடும் இடத்தைக் காணோம். மீன்பிடிக்கும் கடற்பரப்பைக் காணோம். கூட்டத்தில் சத்தம் போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? முந்நூறு வருஷமாக அங்கேயே இருக்கும் தெரு செயற்கைக்கோளின் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் அதே தெருக்காரன் ஒரு ஓலைக் கொட்டகை போட்டால் மட்டும் மறுநாள் காலையிலேயே 'ஆக்கிரமிப்பு' என்று கண்ணுக்குப் பட்டுவிடுகிறது. வரைபடத்தில் இல்லாத ஊருக்கு நாளைக்கு இன்னொரு வசதியும் உண்டு. அங்கே எது கட்டினாலும் யாரும் பாதிக்கப்படவில்லை என்று எழுதிவிடலாம். இதே குமரி மாவட்டத்து இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் அதைக் கிழக்கே நகர்த்தி கோவளத்துக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவில் என்றார்கள். அங்கேயும் ஆட்கள் இருந்து தொலைத்தார்கள். வரைபடத்தில் மட்டும் வெற்றிடமாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும்!

கடற்கரை எவனுக்கும் சொந்தமில்லை, அரசாங்கம் அதற்கு வெறும் அறங்காவலர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே, கமல்நாத் வழக்கில், சொல்லிவிட்டது. காற்று, கடல், நீர், காடு எல்லாம் பொதுச்சொத்து, அதைத் தனியாருக்கு வாரிக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை என்ற தீர்ப்பு. கொச்சிக்குப் பக்கத்தில் மரடில் விதியை மீறிய நான்கு அடுக்குமாடிகளை 2020 ஜனவரியில் இரண்டே நாளில் வெடிவைத்துத் தகர்த்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியது. கைதட்டிய பிறகு என்ன நடந்தது? இடிப்பதைவிட விதியைத் தளர்த்துவது சுலபம் என்று எல்லோருக்கும் விளங்கியது. வெடிமருந்து செலவில்லை, தூசி இல்லை, பார்க்க யாரும் வர மாட்டார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி, சுனாமி வந்த காலையில் விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கரையில் அலை ஊரைத் தின்று முடித்திருந்தது. தன் வீட்டில் யார் மிச்சம் என்றே தெரியாத நேரத்தில், அந்தக் கடலுக்குள் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர்களைக் கரைசேர்த்தவர்கள் மீனவர்கள். "அன்னிக்கு ஒருத்தன்கிட்டயும் ரூம் நம்பர் கேக்கல மக்கா" என்றார் பாட்டா, சந்திலிருந்து திரும்பி நடக்கும்போது. அதன்பிறகு அவர் எதுவும் பேசவில்லை. நிலா ஏறியிருந்தது. எங்களுக்குத் தெரிந்தது அதன் வெளிச்சம் பட்ட சுவர்தான்.

கடலோரத்து ஊர்க்காரர்களே, அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வேலையைப் போட்டுவிட்டுப் போங்கள். வரைபடத்தைத் தமிழில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு சந்தையும் விரல் வைத்துத் தேடுங்கள். ஒன்று குறைந்தாலும், அதை அவர்கள் கையாலேயே வரையும் வரைக்கும் மேடையிலிருந்து ஒருவரையும் இறங்க விடாதீர்கள்.