மெல்ல மெல்லக் களைக்கும் கார்

கேள்வி: அண்ணை, எங்கடை 2006ஆம் ஆண்டு பெற்றோல் கார் பியோர்ண்டால் ஏற்றத்தில் இப்ப மூச்சு வாங்குது. பெற்றோலும் கூடக் குடிக்குது. என்ன வருத்தமாயிருக்கும்?
– வாசகர், ஒஸ்லோ

பதில்: மெல்ல மெல்லக் களைக்கிற காருக்கு அநேகமாக ஒரு வருத்தமில்லை, இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். முதல் சந்தேகம், குளிர்காலத்தில் வீதிக்குப் போடுற உப்பிலை. பிரேக் காலிப்பர் துருவேறி இறுகினால், நீங்கள் காலை எடுத்த பிறகும் அது சில்லை விடாது. ஓடி நிறுத்தியதும் ஒவ்வொரு றிம்முக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோங்கோ, தொடாதேங்கோ. ஒன்று மட்டும் அனல் அடித்தால் கள்ளன் அகப்பட்டான்! இரண்டு வருஷத்துக்கு ஒருக்கால் நடக்கிற ஈயூ கொன்ட்ரோல் எண்ட வாகனப் பரிசோதனை அறிக்கையிலும் பிரேக் அளவுகளைப் பாருங்கோ.

அடுத்தது தேமோஸ்ராற். அரை மணித்தியாலம் ஓடியும் வெப்பமுள் நடுவுக்கு வராவிட்டால் அது திறந்தபடி சிக்கியிருக்கு. எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்துக் கணினி கூடுதல் பெற்றோல் ஊத்தும். மலிவான பாகம், முதலில் மாத்துங்கோ.

ரயர் காற்றையும் பாருங்கோ. 10 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 0.1 பார் குறையும். காற்று வடிகட்டி, பிளக், ஒக்சிசன் சென்சர் பிறகு. கிழட்டுச் சென்சர் எச்சரிக்கை விளக்கை எரியவிடாமலே மந்தமாகும்.

வேகம் கூடக்கூட இழுவை செத்தால் கற்றலைசர் அடைத்திருக்கலாம். விலை கூடின சாமான். புகைக்குழாய் அழுத்தத்தை அளக்காமல் மாத்த விடாதேங்கோ.